ஐந்து ஃப்ளாட், ஒரு சொலிசிட்டர்: பில் யார் தலையில்?

லண்டனில் ஒரு பழைய மூன்று மாடி வீடு. ஆறு ஃப்ளாட்டாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் இருக்கும் எந்தப் பகுதியிலும் தெருவுக்கு நாலு இப்படி உண்டு. ஆறு பேரிடமும் இருப்பது லீஸ் மட்டும்தான். நிலமும் சுவரும் கூரையும் ஃப்ரீஹோல்டருடையவை. சர்வீஸ் சார்ஜ் ஏறிக்கொண்டே போகிறது, லீஸ் ஆண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஐந்து பேர் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கிவிடலாம் என்று பேசி முடிக்கிறார்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது: மொத்த ஃப்ளாட்களில் மூன்றில் இரண்டு பங்காவது நீண்ட கால லீஸில் இருக்கவேண்டும், பாதிப் பேராவது சேர்ந்து நோட்டீஸ் கொடுக்கவேண்டும். ஆறில் ஐந்து என்றால் தாராளம்.

அடுத்த பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “ஆளுக்கொரு சொலிசிட்டர் எதற்கு? ஒருத்தரையே பிடிப்போம், செலவை ஐந்தாகப் பிரிப்போம்.” நல்ல யோசனை. ஐந்தாகப் பிரிப்பது என்று ஐந்து பேரும் ஹாலில் உட்கார்ந்து பேசியது சொலிசிட்டருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அவரைக் கட்டுப்படுத்துவது அவர் அனுப்பும் கடிதம். பல பக்கம் வரும். பெரும்பாலானோர் முதல் பக்கத்தில் மணிக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். நடுவில் எங்கோ, ‘எங்கள் கட்டணம் முழுமைக்கும் நீங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை அப்படியே ஏற்பதா, மாற்றச் சொல்வதா, மாற்றினால் எப்படி மாற்றுவது? இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் கதை வேறு.

கணக்குக்காக மொத்த ஃபீஸ், வாட் வரியோடு, 15,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3,000.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? நீதிமன்றங்கள் இதைப் பக்கவாட்டில்தான் தொட்டிருக்கின்றன. 1919-இல் எல்லிங்சன் வழக்கிலும், 1950-இல் கோர்னர் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்த நிலை இது: பல பிரதிவாதிகள் ஒரே சொலிசிட்டரை வைத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இருப்பதாகக் காட்டாதவரை, பொதுச் செலவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குதான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவை தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கேள்வியில் எழுந்த வழக்குகள். சொலிசிட்டர் தன் சொந்த கிளையன்ட்டிடம் பில்லோடு வந்து நிற்கும்போது, கடிதத்தில் உள்ள வாசகம்தான் முதலில் பேசும். எனவே மௌனத்தை நம்பி உட்காரவேண்டாம்.

முழுப் பொறுப்பு எல்லோருக்கும்

சொலிசிட்டர்களுக்குப் பிடித்த வழி இது. ஐந்து பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவார்கள். ஐந்து பேரும் 15,000-க்கும் பொறுப்பு. பணம் முழுசாக வந்து சேரும்வரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பங்கு கட்டாதவரைத்தான் முதலில் துரத்தவேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. யாரிடம் கேட்டால் சீக்கிரம் வருமோ அவரிடம் கேட்பார். ஒருவர்மேல் தீர்ப்பு வாங்கியும் பணம் தேறவில்லை என்றால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடுத்தவர்மேலும் வழக்குப் போடலாம்.

இதைப் படித்தவுடன் பயந்து ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவன் மனைவி, அல்லது ஒரே வீட்டில் வளர்ந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு சகோதரர்கள் என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை. கூட்டம் பெருகப் பெருகத்தான் கதை மாறுகிறது. நம் ஐந்து பேரில் ஒருவர் துபாயில் இருந்துகொண்டு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று வையுங்கள். இன்னொருவர் வேலை போய் மார்ட்கேஜையே இழுத்துப்பிடித்துக் கட்டுகிறார். மூன்றாமவர் கடன் இல்லாத ஃப்ளாட்டில், பென்ஷனோடு, அதே கட்டடத்தில் தினமும் இருக்கிறார். பில் பாக்கி என்றால் கடிதம் யார் கதவுக்கு வரும்? கையில் காசும் கைக்கெட்டும் தூரத்தில் முகவரியும் வைத்திருக்கும் மூன்றாமவருக்குத்தான்.

கட்டியபின் அவர் மற்றவர்களிடம் பங்கைத் திருப்பிக் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 10,000 பவுண்டுக்குள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு தொகை வழக்காக, போடலாம். அங்கே ஜெயித்தாலும் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்பி வராது. துபாய்க்காரர்மேல் தீர்ப்பு வாங்கி அதை நிறைவேற்றுவது இன்னொரு நெடும் பயணம். அது போக, அதே மாடிப்படியில் தினமும் பார்க்கும் மனிதர்மேல் 3,000 பவுண்டுக்கு வழக்குப் போடுவீர்களா? போடமாட்டீர்கள். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கட்டுவது முழுப் பொறுப்பை ஏற்றவர்.

அவரவர் பங்கு மட்டும்

இரண்டாவது வழியில் ஐந்து பேரும் கிளையன்ட்தான், ஆனால் ஒவ்வொருவரும் பொதுச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும், தனக்கென்று மட்டும் செய்த வேலைக்கும்தான் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் நஷ்டம் சொலிசிட்டருக்கு.

இது சொலிசிட்டர்களுக்குப் புதிதல்ல. நீதிமன்றமே பெரிய கூட்டு வழக்குகளில் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஓப்ரென் என்ற மூட்டுவலி மருந்து 1982-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட சுமார் 1,500 பேர் வழக்குத் தொடுத்தார்கள். சில வழக்குகளை மட்டும் முன்னோடியாக நடத்தி, அவற்றை அரசின் சட்ட உதவி பெறுபவர்களின் பெயரில் ஓட்டிவிட்டால் மற்றவர்களுக்குச் செலவே இருக்காதே என்று பார்த்தார்கள். 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை: பலன் எல்லோருக்கும் என்றால் முன்னோடி வழக்கின் செலவும் எல்லோருக்கும், சரிசமமாக. உதவி பெறாதவர்கள் திணறிப்போனார்கள். காட்ஃப்ரி பிராட்மன் என்ற சொத்து வணிகர் அவர்கள் செலவுக்கு நான் நிற்கிறேன் என்று முன்வந்ததால்தான் வழக்கு நகர்ந்தது. இன்றைய சிவில் நடைமுறை விதிகளில், கூட்டு வழக்கு உத்தரவு உள்ள இடங்களில், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஒவ்வொருவரும் பொதுச் செலவில் சம பங்குக்கு மட்டும் தனியாகப் பொறுப்பு என்று 46.6 விதி சொல்கிறது. அது எதிர்க்கட்சியின் செலவைப் பற்றிய விதி. ஆனாலும் “இப்படியெல்லாம் செய்யமுடியாது” என்று உங்கள் சொலிசிட்டர் சொன்னால் நினைவில் வைத்திருக்கலாம்.

சொலிசிட்டர் சும்மா ஒத்துக்கொள்ளமாட்டார். முன்பணம் கேட்பார், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. கொடுங்கள். அந்தப் பணம் அவர் சொந்தக் கணக்கில் போகாது. கிளையன்ட் அக்கவுண்ட் என்ற தனிக்கணக்கில் இருக்கவேண்டும், ஃபீஸுக்காக அதிலிருந்து எடுப்பதற்கு முன் பில் அனுப்பவேண்டும் என்பது அவர்களுக்கான விதி. என் கண்ணில் இந்த முன்பணம் ஒரு தொந்தரவே இல்லை. யார் கட்டப்போவதில்லை என்பதை நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனை அது. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று ஒருவர் இழுத்தால், அவர் இல்லாமல் நான்கு பேராகப் போகலாமா என்று அப்போதே முடிவெடுக்கலாம். ஆறு ஃப்ளாட்டுக்கு மூன்று பேர் இருந்தாலே போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் தவறவிடுவது. ‘என் பங்கு மட்டும்’ என்பது உங்களுக்கும் உங்கள் சொலிசிட்டருக்கும் இடையில்தான். ஃப்ரீஹோல்டருக்கு அது பொருட்டே இல்லை. 1993 சட்டத்தின் வழக்கமான ஏற்பாட்டில், ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் வாங்குகிறவர்கள்தான் ஏற்கவேண்டும். நோட்டீஸை நடுவில் வாபஸ் வாங்கினால், அதுவரையான அந்தச் செலவுக்குப் பங்கேற்றவர்கள் எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று 28-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. நீங்களாக வாபஸ் வாங்கவேண்டும் என்பதும் இல்லை. ஃப்ரீஹோல்டரின் எதிர் நோட்டீஸ் வந்து விலையோ நிபந்தனையோ ஒத்துவராமல், ஆறு மாதத்துக்குள் டிரைப்யூனலுக்கு, அதாவது இத்தகைய தகராறைத் தீர்க்கும் மன்றத்துக்கு, மனுப் போடாமல் விட்டால், வாபஸ் வாங்கியதாகவே கருதுவார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு மாதம் புது நோட்டீஸும் கொடுக்கமுடியாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் பங்கு கட்டவில்லை. சொலிசிட்டர் மற்ற நால்வரிடம் கேட்கமுடியாது, வேலையை நிறுத்துகிறார். ஃபீஸ் பாக்கி இருக்கும்வரை ஃபைலைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. கெடு ஓடிவிடுகிறது. ‘என் 3,000 மட்டும்’ என்று நிம்மதியாக இருந்தவருக்கு ஃப்ரீஹோல்டரின் முழுச் செலவுக்கும் கடிதம் வருகிறது. வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் வழியாக அதே பொறுப்பு உள்ளே வந்துவிட்டது.

ஃப்ரீஹோல்டரின் செலவை வாங்குகிறவர் தலையில் கட்டும் இந்தப் பழக்கத்தை 2024-இல் வந்த லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் பெருமளவு மாற்றுகிறது. ஆனால் அந்தச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் அமலுக்குக் கொண்டுவரப்படுகிறது. நோட்டீஸ் கொடுக்கும் நாளில் எந்த விதி ஓடுகிறது என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒருவர் மட்டும் கிளையன்ட்

நம்மவர்களிடம் அதிகம் நடப்பது இதுதான். கூட்டத்தில் ஆங்கிலம் நன்றாக வரும், ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் இருப்பார். “அண்ணை, நீங்களே சைன் வையுங்கோ, நாங்கள் பிறகு தாறம்.” அண்ணையும் வைத்துவிடுவார். சொலிசிட்டருக்கு வசதி: ஒரு கிளையன்ட், ஒரு ஈமெயில், ஒரு பில். அண்ணைக்கு? ஊரில் சீட்டுப் பிடிக்கிறவரின் நிலைமை. எடுத்தவர் கம்பி நீட்டினால் மிச்சத்தைக் கட்டுவது பிடித்தவர்தான், அண்ணைக்கோ கழிவு கூடக் கிடையாது.

மற்ற நால்வருக்கும் இது பார்க்கிற அளவுக்குப் பாதுகாப்பானதல்ல. கடிதத்தில் பெயர் இல்லையென்றால் சொலிசிட்டர் உங்களுக்கு என்று தனிக் கடமைப்பட்டவர் என்று சொல்வது கடினம். அவர் சறுக்கினால் புகார் செய்வதும் நஷ்டஈடு கேட்பதும் கிளையன்ட்டுக்கு எளிது, வெளியில் நிற்பவருக்கு வாதாடவேண்டிய விஷயம். பில் அதிகம் என்று தோன்றினாலும் கேள்வி கேட்கும் நேர்வழி அண்ணையிடம்தான் இருக்கிறது.

இந்த வழியில் நான் ஒரே ஒரு நல்லதைக் காண்கிறேன்: முதல் ஒரு மணி நேர ஆலோசனைக்கு. இது நடக்குமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவர ஒருவர் போகலாம், நானூறோ ஐநூறோ அவர் கையிலிருந்து போனாலும் போகட்டும். அதைத் தாண்டி நோட்டீஸ் வரை போவதற்கு வேண்டாம்.

கம்பெனி தொடங்கி அதன் பெயரில்

ஃப்ரீஹோல்டை வாங்குவதற்குக் கம்பெனி எப்படியும் தேவைப்படும். நிலத்தின் சட்டப்படியான உரிமையாளராக நான்கு பேருக்கு மேல் பதியமுடியாது என்பது 1925 முதல் உள்ள விதி. நாம் ஐந்து பேர். தவிர, ஒருவர் ஃப்ளாட்டை விற்கும்போது பங்கை மாற்றிக் கொடுத்தால் போதும், ஃப்ரீஹோல்ட் பத்திரத்தில் கைவைக்கவேண்டாம். எனவே ‘அந்தக் கம்பெனியே சொலிசிட்டரின் கிளையன்ட்டாக இருக்கட்டும், லிமிடெட் கம்பெனி தானே, நம் மேல் ஒன்றும் வராது’ என்று யோசிப்பது இயல்பு.

ஓரளவு சரி. இரண்டு இடத்தில் கால் இடறும். கம்பெனி பதிவாவதற்கு முன்பே அதன் பெயரில் ஒருவர் கடிதத்தில் கையெழுத்திட்டால், 2006-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி கையெழுத்திட்டவரே அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பு. கம்பெனி பிறகு பதிவானாலும் அது தானாகக் கம்பெனிக்கு மாறிவிடாது. ‘கம்பெனி அடுத்த வாரம் வந்துவிடும், வேலையை ஆரம்பியுங்கள்’ என்று சொல்லும் அவசரம் இதில்தான் முடியும். பதிவுச் சான்றிதழ் வந்தபின் கையெழுத்திடுங்கள். ஆன்லைனில் பதிவது ஓரிரு நாள் வேலை.

இரண்டாவது, வங்கியில் ஐந்து பவுண்ட் வைத்திருக்கும் புதுக் கம்பெனியை நம்பிப் பதினைந்தாயிரத்துக்கு வேலை செய்ய எந்த சொலிசிட்டரும் முட்டாளில்லை. டைரக்டர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார். அதில் கையெழுத்திட்டால் கம்பெனி என்ற குடை மடங்கிவிட்டது. டைரக்டராகப் பெயர் கொடுத்த இரண்டு பேர் மட்டும் நனைவார்கள், மற்ற மூவர் காய்ந்த சட்டையோடு நிற்பார்கள். உத்தரவாதம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 1677-இல் இயற்றிய சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வாய்வார்த்தைக்குப் பயப்படவேண்டாம், ஆனால் கடிதத்தோடு இணைத்து வரும் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உத்தரவாதத்துக்குப் பதில் முன்பணம் தருகிறோம் என்று பேசிப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

28-ஆம் பிரிவின் பொறுப்பு கம்பெனியைத் தாண்டி, பங்கேற்கும் லீஸ்காரர்கள் மேல்தான் விழும் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆளுக்கொரு சொலிசிட்டர்

வாங்குவது ஒரே பொருள், கொடுப்பது ஒரே நோட்டீஸ். முழு வேலைக்கும் ஐந்து சொலிசிட்டர் என்பது வீண். ஆனால் ஒரே ஒரு இடத்தில் வெளி ஆலோசனைக்கு மணிக்கணக்கில் பணம் கொடுப்பது தகும்: ஐந்து பேரும் தமக்குள் செய்துகொள்ளும் பங்கேற்பு ஒப்பந்தம். கூட்டத்தின் சொலிசிட்டர் அதை எழுதித் தரலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் மேல்மாடிக்காரருக்குச் சாதகமா, தரைத்தளத்துக்காரருக்கா என்று அவரால் யாருக்கும் தனியாகச் சொல்லமுடியாது. சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ.வின் விதிகள், நலன் மோதும் இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் நிற்க அவரை விடுவதில்லை. பொதுவான நலன் பெரிதாக இருந்து, எல்லோரும் விஷயம் தெரிந்து எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விலக்கு. பிறகு சண்டை முற்றினால் அவர் ஐந்து பேரையுமே கைவிடவேண்டி வரலாம். புது ஆளைப் பிடித்து முதலிலிருந்து கதை சொல்லும் செலவு உங்களுடையது.

இதே காரணத்தால்தான் அப்பா அம்மா சொத்து விஷயத்தில் சகோதரர்கள் நால்வர் ஒரே சொலிசிட்டரிடம் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஃப்ரீஹோல்டில் எல்லோருக்கும் வேண்டியது ஒன்று. உயிலில் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். அங்கே ஃபீஸ் பங்கைவிட, ஒருவர் சொலிசிட்டரிடம் சொன்னதை மற்ற மூவரிடமிருந்து மறைக்கமுடியாது என்பதே பெரிய விஷயமாகிவிடும்.

அப்படியானால் எது?

நம் ஐந்து பேர் போன்ற கூட்டத்துக்கு, அதாவது முகம் தெரியும், வங்கிக் கணக்கு தெரியாது என்ற அளவில் பழகியவர்களுக்கு, நான் சொல்வது: அவரவர் பங்கு மட்டும் என்ற கடிதம், நோட்டீஸ் கொடுக்கும் முன் ஐந்து பேரின் முன்பணமும் கிளையன்ட் அக்கவுண்டில், கூடவே ஒரு பங்கேற்பு ஒப்பந்தம். வாங்குபவராகக் கம்பெனி, ஆனால் அதன் டைரக்டர்கள் உத்தரவாதம் எதிலும் கையெழுத்திடாமல். கடிதம், முன்பணம், ஒப்பந்தம் என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பலவீனமாகிவிடும். முன்பணம் இல்லாத தனிப்பங்கு சொலிசிட்டரை நடுவழியில் நிறுத்தும். ஒப்பந்தம் இல்லாத முன்பணம் முதல் கட்டத்தோடு தீர்ந்துவிடும்.

சொலிசிட்டர் தனிப்பங்குக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, வேறு நல்ல ஆளும் கிடைக்கவில்லை என்றால், முழுப் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள். ‘யாரும் தன் பங்கின் ஒன்றரை மடங்குக்கு மேல் பொறுப்பல்ல’ என்பது போல. நம் கணக்கில் அது 4,500. ஒருவர் கைவிட்டால் அந்த 3,000-ஐ நால்வர் ஆளுக்கு 750 ஏற்றால் 3,750 ஆகிறது, வரம்புக்குள். இரண்டு பேர் கைவிட்டால் மீதி மூவருக்கு ஆளுக்கு 5,000. வரம்பைத் தாண்டிய 500 வீதம் சொலிசிட்டருடைய நஷ்டம். இப்படிப் பேசிப் பார்த்தவர்கள் குறைவு. கேட்டால் குறைந்துபோக ஒன்றுமில்லை.

பங்கு என்றால் சம பங்கா என்பதில் கூட்டங்கள் உடைவதைப் பார்க்கிறோம். ஃப்ரீஹோல்டின் விலையை ஃப்ளாட்டின் மதிப்புக்கும் லீஸில் மீதமுள்ள ஆண்டுகளுக்கும் ஏற்பப் பிரிப்பது நியாயம். 70 ஆண்டு மிச்சமுள்ளவரும் 120 ஆண்டு மிச்சமுள்ளவரும் ஒரே தொகை போட்டால் பின்னவர் ஏமாந்துபோவார். சொலிசிட்டர் ஃபீஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு அவர் குறைவாகக் கடிதம் எழுதுவதில்லை. ஃபீஸை ஃப்ளாட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரியுங்கள். ஒருவருக்கு இரண்டு ஃப்ளாட் இருந்தால் இரண்டு பங்கு. தன் லீஸில் மட்டும் ஏதோ திருத்தம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அந்த வேலைக்குத் தனி பில்.

பங்கேற்பு ஒப்பந்தத்தில் ஃபீஸ் தொடர்பாக இருக்கவேண்டியவற்றில் முக்கியமானது விலகல். மேல்மாடிக்காரர் நான்காவது மாதத்தில் ஃப்ளாட்டை விற்கிறார் என்று வையுங்கள். சட்டப்படி வாங்கியவர்தான் லீஸ் மாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் அதை அறிவித்து, தானும் சேர்ந்துகொள்கிறாரா இல்லையா என்று சொல்லவேண்டும். அவர் சேர்ந்தால்கூட, சொலிசிட்டரின் கடிதத்தில் பழையவரின் கையெழுத்து அப்படியே இருக்கும். முழுப் பொறுப்புக் கடிதம் என்றால், பிரைட்டனுக்குக் குடிபோனவரிடம் அடுத்த வருடம் ஹாரோ கட்டடத்தின் டிரைப்யூனல் பில் வந்து நிற்கலாம். புதியவர் சேராவிட்டால் மீதி நால்வருக்கு ஒரு பங்கு ஓட்டை. எனவே விலகுபவர் அந்த நாள்வரை ஆன செலவில் தன் பங்கைக் கட்டவேண்டும், முன்பணம் திரும்பாது, அதற்குப் பின்னான செலவுக்கு அவரை விடுவித்து சொலிசிட்டர் எழுதித் தரவேண்டும் என்று மூன்றையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். கட்டாமல் இழுப்பவருக்கும் ஒரு கெடு வேண்டும்: இத்தனை நாளுக்குள் வராவிட்டால் மற்றவர்கள் போட்டுக்கொள்வோம், அந்தத் தொகை அவர் கம்பெனிப் பங்கைப் பெறும்போது வட்டியோடு கழியும்.

டிரைப்யூனல் என்று சொன்னதும் இன்னொன்று. ஃபீஸ் எகிறுவது அங்கேதான். பாரிஸ்டர், சர்வேயரின் சாட்சியம் என்று. நோட்டீஸ், பேரம், டிரைப்யூனல், பத்திரப்பதிவு என்று கட்டம் கட்டமாக மதிப்பீடு வாங்கி, ஒவ்வொரு கட்டத்தின் வரம்பையும் தாண்டுவதற்கு முன் ஐந்து பேரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கடிதத்திலேயே சேருங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதை ஆரம்பத்திலும் நடுவிலும் தெளிவாகச் சொல்வது எஸ்.ஆர்.ஏ. விதிப்படி அவர் கடமை. ஐந்து பேரின் சார்பில் யார் சொன்னால் அவர் கேட்கவேண்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று கட்டைவிரலைப் பார்த்துவிட்டு “எல்லோருக்கும் சம்மதம்” என்று ஈமெயில் அனுப்பிய பிறகு அதை மறுப்பது கடினம்.

பில் வந்தபின் அதிகம் என்று தோன்றினால், கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள், பில் நியாயமா என்று நீதிமன்றத்தில் மதிப்பீடு கேட்டால் அது உங்கள் உரிமை, மறுக்கமாட்டார்கள். அதற்குப் பின் நீதிமன்றம் நிபந்தனை போடலாம். பில் வந்து பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டாலோ, பணத்தைக் கட்டிவிட்டாலோ, சிறப்புக் காரணம் காட்டவேண்டும். கட்டிப் பன்னிரண்டு மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும். மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு பொதுவாக சொலிசிட்டர் தலையில். கிளையன்ட் அக்கவுண்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதாலேயே நீங்கள் ‘கட்டிவிட்டீர்கள்’ ஆகாது, அந்தத் தொகைக்கு நீங்கள் ஒத்துக்கொண்டிருக்கவேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ‘பில் கிடைத்தது, நன்றி, சரி’ என்று ஐவரில் ஒருவர் அவசரப்பட்டுப் பதில் போடாமல் இருப்பது நல்லது.

நீதிமன்றம் வேண்டாம் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார். எட்டு வாரம் பொறுங்கள். பிறகு வக்கீல்கள் மேலான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மன். நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், விஷயம் நடந்தோ தெரியவந்தோ ஓராண்டு தாண்டியிருக்கக்கூடாது. கட்டணம் இல்லை.

கடிதத்தைத் திருப்பி அனுப்பும்போது நீண்ட விளக்கம் வேண்டாம். இவ்வளவு போதும்: ‘கட்டணப் பொறுப்பு பற்றிய பத்தியை நாங்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு கிளையன்ட்டும் பொதுச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும், தனக்காக மட்டும் செய்த வேலைக்கும் மட்டுமே பொறுப்பு என்று மாற்றி அனுப்புங்கள். முன்பணம் தரத் தயார்.’ பதில் வரும்வரை யாரும் கையெழுத்திடாதீர்கள், முக்கியமாக அண்ணை.